கார் எஞ்சின் மிஸ்ஸிங்: கடலோர ஊர்களில் வீட்டிலேயே கண்டறிதலும் சரிசெய்தலும்

கார் எஞ்சினின் ஒரு சிலிண்டரில் எரிபொருள் கலவை உரிய நேரத்தில் தீப்பற்றாமல் போவதும், அரைகுறையாக எரிவதும் தீப்பற்றல் தவறுதல் எனப்படும். தமிழ்நாட்டு வொர்க்‌ஷாப்புகளில் இதன் பெயர் "மிஸ்ஸிங்". "வண்டி மிஸ் அடிக்குது" என்று ஓட்டுநர் சொன்னால் மெக்கானிக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த சிலிண்டர்? அந்தக் கேள்விக்கு விடை தெரியும் முன்பே பிளக், காயில், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுவதால்தான் பலருடைய பணம் வீணாகிறது. சில எளிய கருவிகளும் ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால் அந்த விடையை வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இக்கட்டுரை பெட்ரோல் கார்களை முதன்மையாகக் கொண்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் மிஸ்ஸிங்குக்குக் கூடுதல் காரணங்களாக இருப்பதால், அவை தனியாக விளக்கப்படுகின்றன.

எஞ்சினுக்குள் நடப்பது

நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு வேலைகள் முடிய கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்ற வேண்டும். ஆக, நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங் ஆகும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 400 முறை தீப்பற்றுகிறது. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1600 முறை. இதில் ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்தால் சீரான தாளம் உடைந்து வண்டி உதறுகிறது. மாருதி 800, ஆல்ட்டோ போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடும். ஏற்றத்தில் இரண்டாம் கியர் கூட இழுக்காது.

தீப்பற்றுவதற்கு மூன்று வேண்டும். முதலாவது சரியான கலவை. பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு, எடைக் கணக்கில். இரண்டாவது போதிய அழுத்தம். மூன்றாவது உரிய நேரத்தில் வலுவான தீப்பொறி. எல்லா மிஸ்ஸிங்கும் இந்த மூன்றில் ஒன்று குறைந்ததால் வருவதே. வீட்டில் எளிதாகச் சோதிக்கக் கூடியதும் பெரும்பாலும் பழுதாவதும் தீப்பொறிப் பகுதிதான் என்பதால் தேடலை அங்கிருந்து தொடங்குவது வழக்கம்.

விளக்கு மின்னினால் வண்டியை நிறுத்த வேண்டும்

ஐட்லிங்கில் உதறல், முடுக்கும்போது வெட்டி வெட்டி இழுத்தல், பிக்கப் குறைதல், சைலன்சரில் "டப் டப்" ஒலி, புகையில் பெட்ரோல் வாடை, மைலேஜ் குறைவு ஆகியவை மிஸ்ஸிங்கின் அறிகுறிகள். இவற்றோடு டாஷ்போர்டில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கும் எரியலாம். அந்த விளக்கு எரியும் விதத்தில்தான் செய்தி இருக்கிறது. நிலையாக எரிந்தால் பழுது பதிவாகியிருக்கிறது என்று பொருள். மெதுவாக வீடு வந்து சேரலாம். மின்னி மின்னி எரிந்தால் மிஸ்ஸிங் இப்போதே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (வினையூக்கி மாற்றி) அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரம் கட்டி, எஞ்சினை அணைப்பதே சரி.

எரியாத பெட்ரோலும் பயன்படாத காற்றும் சேர்ந்து சைலன்சர் குழாய் வழியாகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன. வழக்கமாக ஏறத்தாழ 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேலை செய்யும் அதன் பீங்கான் தேன்கூடு, இந்தக் கூடுதல் எரிதலால் அளவுக்கு மீறிச் சூடாகி உருகி அடைத்துக்கொள்ளும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்ட பொருள் அது. ஒரு பிளக்குக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய், கன்வெர்ட்டருக்கு ஆகும் செலவு பல ஆயிரம். "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வாரம் ஓட்டுவதன் விலை இதுதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எரியாத சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனை உணர்வி (ஆக்சிஜன் சென்சார்) கண்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று தவறாகக் கணினிக்குச் சொல்கிறது. கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற சிலிண்டர்களின் பிளக்கும் கரி பிடிக்கத் தொடங்குகிறது. ஆகவே "பெட்ரோல் குறைவு" என்ற பழுதுக் குறியீட்டை மட்டும் நம்பி பெட்ரோல் பம்பை மாற்றுவது அவசரம்.

குளச்சல் காற்று செய்வது

கடலலை உடையும் இடங்களில் நுண்ணிய உப்புத் துளிகள் காற்றில் கலந்து கரைக்கு வருகின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்க்கும் பொருள். பானட்டுக்கு உள்ளே படிந்த உப்புப் படலம் பகல் வெயிலில் காய்ந்து கிடக்கும். இரவு ஈரத்தில் மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். பிளக்குக்குப் போக வேண்டிய 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம், எளிய வழி கிடைத்தால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டாமல் வெளிப்புறமாகவே எஞ்சின் உடம்புக்குப் பாய்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மிஸ்ஸிங், பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் சரியாகிவிடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. ஈரம் வற்றாத இந்த மாதங்களில் இணைப்பிகளுக்குள் (கனெக்டர்) பச்சைக் களிம்பு ஏறுகிறது. காயில், இன்ஜெக்டர், கிராங்க் உணர்வி ஆகியவற்றின் பித்தளை, செம்பு முனைகளில் அது ஏறினால் மின்தடை கூடி, விட்டு விட்டு மிஸ்ஸிங் வரும். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயரின் முனை துருப்பிடித்தாலும் இதே கதைதான். அந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முறுக்குவது செலவே இல்லாத வைத்தியம். பெரும்பாலோர் கடைசியாகத்தான் அதைப் பார்க்கிறார்கள்.

உப்பைக் கழுவ வேண்டும் என்று எஞ்சின் மீது வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி "வாட்டர் சர்வீஸ்" செய்வது இன்னொரு மூலம். பல எஞ்சின்களில் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும். அங்கே தேங்கிய தண்ணீர் ஆவியாகும் வரை வண்டி உதறும். சர்வீஸ் செய்த மறுநாள் மிஸ்ஸிங் தொடங்கியிருந்தால் உதிரிபாகம் வாங்குவதற்கு முன் அந்தக் குழிகளைக் காற்றடித்து உலர்த்திப் பார்க்க வேண்டும். தென்னந்தோப்புக்கு நடுவே வண்டி நிற்கும் வீடுகளில் எலி கடித்த ஒயரையும் மறக்கக் கூடாது.

குளச்சலில் பிளக்கைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள் கார்க்காரர்கள் அல்லர், மீனவர்கள். மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து மோட்டாரில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாததால் பிளக்கில் கரி விரைவாகப் பிடிக்கும். கடலில் வொர்க்‌ஷாப் இல்லை என்பதால் மாற்றுப் பிளக்கும் பிளக் ஸ்பேனரும் வள்ளத்திலேயே இருக்கும். கரையை நெருங்கி அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது மோட்டார் மிஸ் அடித்து நின்றால் வள்ளம் பக்கவாட்டில் திரும்பிக் கவிழலாம். காரில் வெறும் தொல்லையாக இருப்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. கரி பிடித்த பிளக், ஈரமான பிளக், எண்ணெய் படிந்த பிளக் என்று பார்த்தவுடன் பிரித்துச் சொல்லும் அந்த அறிவு காருக்கும் அப்படியே பொருந்தும்.

எந்த சிலிண்டர்?

இந்தியாவில் விற்கப்பட்ட பிஎஸ்-4 கார்களில் 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 என்ற தன்னறி முறை கட்டாயமானது. இவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரு செருகுவாய் இருக்கும். சுமார் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, செல்பேசிச் செயலி வழியாகப் பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 என்றால் இரண்டாவதில். இப்படியே கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. பொதுவாக டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும்.

கணினி இதை எப்படி அறிகிறது? கிராங்க் தண்டின் வேகத்தை அது நொடிக்கு நொடி அளக்கிறது. ஒவ்வொரு எரிதலும் தண்டுக்கு ஒரு தள்ளு கொடுக்கும். எந்தத் தள்ளு வரவில்லையோ அது எந்த சிலிண்டரின் முறை என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. ஆகவே குறியீடு "தள்ளு வரவில்லை" என்று மட்டுமே சொல்கிறது. பிளக் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. குறியீட்டைப் படித்த உடனே அதை அழித்துவிடவும் கூடாது. பழுது ஏற்பட்டபோது எஞ்சின் சுற்று எவ்வளவு, சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்ற விவரமும் அதோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேனர் இல்லாதபோதும், அந்த வசதி இல்லாத பழைய வண்டியிலும் வெப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் ஓட விட்டு, எக்ஸாஸ்ட் குழாயின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். மற்றவற்றில் "சுர்" என்று ஆவியாகும் தண்ணீர், எரியாத சிலிண்டரின் கிளையில் அப்படியே வழியும். கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஷாக் அடிப்பதோடு, புதிய வண்டிகளில் காயிலும் கணினியும் பழுதாகும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் எஞ்சினின் காயில் பக்கமே போகக் கூடாது.

இந்த வேலைகளின்போது ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்திருக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் அணைந்த பின்னும் தானாகச் சுழலக் கூடும்.

இடம் மாற்றிப் பார்த்தல்

சிலிண்டர் தெரிந்துவிட்டால் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம், குறியீடு பி0302. எஞ்சினை அணைத்து, இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாட்ட வேண்டும். குறியீட்டை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். இப்போது பி0303 வந்தால் பழுது காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது, குற்றவாளி காயில்தான். மறுபடி பி0302 என்றே வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை அதேபோல் இடம் மாற்ற வேண்டும். அதுவும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், அதன் ஒயர், கடைசியாகக் கம்ப்ரஷன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் வண்டி சரியாகலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது.

ஒயர் வழியாக பிளக்குக்கு மின்சாரம் போகும் வண்டிகளில் இன்னொரு வழி: இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது, தள்ளி நின்று ஒயர்கள் மீது பூவாளித் தெளிப்பானால் மென்மையாகத் தண்ணீர் தூவ வேண்டும். விரிசல் விட்ட இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஒயர் மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதை மாட்டிய பின்பே அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டு எரியும் வரிசை தெரியாமல் விழிப்பது வழக்கமான காட்சி. அம்பாசடரில் அந்த வரிசை 1-3-4-2. மாருதி 800-ல் 1-3-2.

பிளக்கைப் படித்தல்

பிளக் கழற்றும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கையில் முறுக்கினால் மரை போய்விடும். குழிக்குள் உள்ள மணலையும் தூசியையும் முதலில் ஊதி எடுக்க வேண்டும். கடற்கரை மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவர் கீறிவிடும். கழற்றியவற்றைச் சிலிண்டர் வரிசைப்படியே அடுக்கி வைக்க வேண்டும்.

முனை வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக இருந்தால் அந்த சிலிண்டர் நலமாக இருக்கிறது. உலர்ந்த கரும்புகைபோல் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. பிசுபிசுப்பான கருப்பு எண்ணெய் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் ஏறுகிறது; புதுப் பிளக் போட்டால் சில நாள் ஓடும், பிறகு பழைய கதையே. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடு.

வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறத்தையும் பார்க்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டதுபோல் மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியில் கசிந்திருக்கிறது. அந்தப் பிளக்கோடு அதன் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உறைக்குள் உள்ள கோடு புதுப் பிளக்கிலும் கோடு போட்டுவிடும். இரும்பு உடம்பை ஒட்டிப் பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் அது உயர் மின்னழுத்தத்தால் படியும் கறை, பழுது அன்று.

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அது 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். தேய்ந்து இடைவெளி அகலும்போது கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது, அது காயிலையும் சோர்வடையச் செய்கிறது. சாதாரணப் பிளக்கை உப்புத்தாளால் மெல்லத் துடைத்து அவசரத்துக்கு ஓட்டலாம். இரிடியம் பிளக்கின் ஊசி முனையை அப்படித் தேய்த்தால் அது வீணாகிவிடும்.

பிளக்கை எஞ்சின் உடம்பில் வைத்து ஸ்டார்ட் அடித்துப் பொறி பார்ப்பது பழைய முறை. திறந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் இடத்தில் பொறி பறக்க விடுவது தீ விபத்துக்கு அழைப்பு. அதைவிட முக்கியம், திறந்த காற்றில் பொறி வருவது எதற்கும் சான்றாகாது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் பொறி பாய அதைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். வெளியே நன்றாகப் பொறிந்த பிளக் உள்ளே ஊமையாக இருக்கும். எல்பிஜி, சிஎன்ஜி வண்டிகள் பெட்ரோலில் சரியாக ஓடி, கேஸில் மட்டும் மிஸ் அடிப்பதும் இதனால்தான். அங்கே பொறிக்கு இன்னும் கூடுதல் மின்னழுத்தம் தேவை.

புதுப் பிளக்கை முதலில் கையாலேயே முறுக்க வேண்டும். உட்கார்ந்ததும் வாஷர் உள்ள பிளக்கை ஸ்பேனரால் அரை முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று முறுக்கினால் போதும். கடலோர ஊர்களில் பிளக் தொப்பியின் ரப்பருக்குள்ளும் இணைப்பிகளின் வாயிலும் சிறிது சிலிக்கோன் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுவது நல்ல பழக்கம். உப்பு ஈரம் உள்ளே நுழையாது. சாதாரண சக்கரக் கிரீஸ் ரப்பரைக் கெடுத்துவிடும்.

பிளாட்டினம் பாயிண்ட் உள்ள பழைய வண்டிகள்

பெட்ரோல் அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மூடிக்குள் ஈரம், விரிசல், கருங்கோடு, தேய்ந்த ரோட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரும் சேர்ந்தே சந்தேகத்துக்குரியது. மழைக்காலத்தில் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் ஓடிவிடும்.

காற்றும் பெட்ரோலும்

ஐட்லிங்கில் மட்டும் உதறி, முடுக்கினால் சரியாகும் மிஸ்ஸிங்குக்குப் பெரும்பாலும் காற்றுக் கசிவு காரணம். இன்டேக் பகுதியின் ரப்பர் குழாய்கள் வெயிலில் வெடித்து அளவில்லாத காற்று உள்ளே போகும். ஒரு குழாய்த் துண்டைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு மூட்டருகிலும் கொண்டு போனால் "உஸ்" ஒலி கேட்கும். கார்புரேட்டர் கிளீனர் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும்.

எல்லா சிலிண்டரும் சேர்ந்து மிஸ் அடித்தால், அதுவும் பெட்ரோல் போட்ட பிறகு தொடங்கியிருந்தால், தண்ணீர் கலப்பைச் சந்தேகிக்கலாம். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருப்பதால், நாள்கணக்கில் ஓடாமல் கடலோர ஈரத்தில் நிற்கும் வண்டியின் டேங்க்கைப் பாதிக்கு மேல் நிரப்பி வைப்பது நல்லது. டீசல் வண்டியில் பிளக் பொறி இல்லை. அங்கே மிஸ்ஸிங் என்றால் இன்ஜெக்டர், எரிபொருள் குழாயில் காற்று, ஃபில்டரில் தண்ணீர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புதிய டீசல் எஞ்சின்களின் எரிபொருள் குழாயில் தோலைத் துளைக்கும் அளவு அழுத்தம் இருப்பதால் வீட்டில் அதைக் கழற்றக் கூடாது.

கம்ப்ரஷன் சோதனை

காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாம் நல்லவை என்று தெரிந்தும் அதே சிலிண்டர் எரியாவிட்டால் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். பெட்ரோலையும் பொறியையும் துண்டித்து, எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சில சுற்றுகள் சுழற்ற வேண்டும். எண்ணைவிட சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைவாக இருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இவை மூன்றும் வொர்க்‌ஷாப் வேலை. ஆனால் எந்த சிலிண்டர், எந்த அளவு, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறவரிடம், தேவையில்லாத உதிரிபாகத்துக்கு யாரும் பில் போட முடியாது.